புளிப்புதான் முதல்

அன்புள்ள ஐயா,

வட இத்தாலியின் ட்ரென்டோ மலைகளில் நுரைக்கும் ஒயின் செய்யத் தொடங்கிய ஜூலியோ ஃபெராரியைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து திராட்சைதான் பிழைப்பு. கம்பம் பக்கம் பந்தல் போட்ட பன்னீர்த் திராட்சைத் தோட்டம். அதனாலேயே கட்டுரையில் ஓர் இடம் எனக்குப் பிடிபடவில்லை.

பழம் முழுதாக இனிப்பேறும் முன்பே பறித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் வியாபாரி தோட்டத்துக்கு வந்தால் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். புளித்தால் அன்றைக்கு விலை படியாது. நல்ல வெயில் அடிக்கும் சமவெளியை விட்டுவிட்டு, குளிரில் மலையேறிப் போய், பழுக்கத் தயங்கும் பழத்துக்காக இவ்வளவு பாடுபடுவானேன்?

இன்னொன்று. ஃபெராரி செய்தது பிரான்சில் கற்றதை இத்தாலியில் திரும்பச் செய்ததுதானே? செடி அவர்களுடையது, செய்முறையும் அவர்களுடையது. அதற்கு இத்தனை பாராட்டு எதற்கு?

உயரமும் குளிரும்தான் வேண்டுமென்றால் கொடைக்கானல் எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. அங்கே இதைச் செய்ய முடியாதா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

திராட்சை பயிரிடும் வீட்டிலிருந்து வந்த கேள்விகள் என்பது படிக்கும்போதே தெரிகிறது. கொடைக்கானலை முதலில் முடித்துவிடுகிறேன்.

குளிர் என்றால் வெறும் தட்பவெப்பம் மட்டும் இல்லை. ட்ரென்டோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 46 டிகிரியில் இருக்கிறது. குளிர்காலத்தில் கொடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உறங்கும். ஏப்ரல் வாக்கில் மொட்டு வெடிக்கும். ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம். கொடைக்கானல் 10 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுக்கப் பகல் கிட்டத்தட்ட ஒரே நீளம், கொடிக்கு உறக்கமே கிடையாது. போதாததற்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் காயாத இலையில் அடிச்சாம்பல் நோய் எப்படிப் பரவும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்தில் கவாத்து வெட்டும் தேதியை மாற்றி அறுவடையையே முன்பின் நகர்த்த முடிகிறது. உறங்காத கொடி தரும் வசதி அது. ட்ரென்டோ விவசாயிக்கு அது இல்லை, அவருடைய நாட்காட்டியை எழுதுவது குளிர்காலம். நம் நாட்டில் நாசிக் பக்கம் நுரைக்கும் ஒயின் செய்பவர்கள் மலையைத் தேடிப் போகவில்லை. ஆண்டின் குளிர்ந்த மாதங்களில் அறுவடை வருகிற மாதிரி கவாத்தை வைத்துக்கொண்டார்கள். நம் அட்சரேகையில் குளிரை இடத்தில் தேடுவதைவிட மாதத்தில் தேடுவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இப்போது புளிப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

திராட்சையின் புளிப்பு முக்கியமாக இரண்டு அமிலங்களிலிருந்து வருகிறது, டார்டாரிக், மாலிக். சர்க்கரை இலையிலிருந்து பழத்துக்கு வந்து சேர்கிறது. அதே நாட்களில் மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்காகச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. வெப்பம் கூடினால் அந்தச் செலவும் கூடும். சமவெளியில் இரவிலும் புழுக்கம் குறையாது, அதனால் செலவும் நிற்பதில்லை. மலைச்சரிவில் பகலில் நல்ல வெயில் அடிக்கும். சூரியன் இறங்கியதும் மேலேயிருந்து குளிர்ந்த காற்று இறங்கி வரும். பகலில் சர்க்கரை சேரும், இரவில் அமிலம் தங்கும். இந்த இரண்டும் ஒரே பழத்தில் கிடைப்பதற்குத்தான் அவ்வளவு தூரம் மேலே போகிறார்கள். ட்ரென்டோ பகுதியில் கார்டா ஏரியிலிருந்து பிற்பகலில் கிளம்பி வரும் 'ஓரா' என்ற காற்றும் உண்டு. அது கொத்துகளை உலர்த்திவிட்டுப் போகும்.

உங்கள் வியாபாரி பார்ப்பது தின்கிற பழம். அவர் தேடும் இனிப்பு அதற்குச் சரிதான். நுரைக்கும் ஒயினுக்குப் பழம் பறிப்பவர் பார்ப்பது சில ஆண்டு கழித்துக் குடிக்கப்போகிற ஒன்றை. முதலில் சாறு எடுத்து நொதிக்க வைத்துச் சாதா ஒயின் ஆக்குவார்கள். அதில் ஆல்கஹால் 10 அல்லது 11 சதவீதம்தான் இருக்கும். வாயில் வைத்தால் பல் கூசும். அதைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்னும்போது வரும் கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே கரைந்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 6 வளிமண்டலம் வரை ஏறும். இந்த இரண்டாவது நொதித்தலில் ஆல்கஹால் இன்னும் ஒன்று ஒன்றரை சதவீதம் கூடும். பழத்தை முழுக்கப் பழுக்கவிட்டிருந்தால் இந்தக் கட்டத்தில் ஒயின் கனத்துப்போய், குமிழி இருந்தும் சோர்ந்து கிடக்கும்.

அப்புறம் காத்திருப்பு. வேலை முடித்த ஈஸ்ட் செத்து, பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிந்து, மெல்ல உடைந்து கரையும். ரொட்டி மேலோட்டின் மணம் அதிலிருந்துதான் வருகிறது. ட்ரென்டோ விதிகளின்படி அந்த வண்டலோடு குறைந்தது 15 மாதம் இருக்க வேண்டும். ஒரே ஆண்டின் பழத்தில் செய்தது என்று போட்டுக்கொள்ள 24 மாதம், 'ரிசெர்வா' என்று போட 36 மாதம். சிலர் பத்து ஆண்டுகூட வைக்கிறார்கள். அவ்வளவு காலம் ஒயினைக் கெடாமல் நிமிர்த்தி நிறுத்துவது முக்கியமாக அந்தப் புளிப்புதான். அமிலம் குறைந்த ஒயின் அத்தனை ஆண்டு தாங்காது. நாம் கழித்துத் தள்ளுகிற புளிப்பு அவர்களுக்குப் போட்ட முதல்.

வண்டலை வெளியே எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலைச் சாய்த்து வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, கடைசியில் தலைகீழாக நிறுத்துவார்கள். வண்டல் முழுக்க மூடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கழுத்தை மட்டும் உறைகுளிர்க் கரைசலில் முக்கினால் வண்டல் ஒரு சின்னப் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்த நொடியில் உள்ளிருக்கும் அழுத்தமே அந்தக் கட்டியை வெளியே தள்ளிவிடும். பின்னால் தங்கும் ஒயினில் ஒரு தூசிகூட இருக்காது. குறைந்த அளவை ஈடுகட்டக் கொஞ்சம் ஒயினை ஊற்றி, தக்கை அடித்து, கம்பி கட்டிவிடுவார்கள். இப்போது இந்த வேலையை எந்திரம்தான் செய்கிறது, ஆனாலும் அடிப்படை மாறவில்லை.

இதை வைத்து, மலையில் பறித்ததெல்லாம் பச்சைக்காய் என்று எண்ணிவிட வேண்டாம். ட்ரென்டோவுக்கு வடகிழக்கே அவிசியோ ஆறு குடைந்து போகும் செம்ப்ரா பள்ளத்தாக்கில் குமிழி இல்லாத சாதா வெள்ளை ஒயினும் செய்கிறார்கள். முக்கியமாக முல்லர் துர்காவ் என்ற ரகத்தில். 1882-இல் ஜெர்மனியின் கைசன்ஹைமில் சுவிஸ்காரரான ஹெர்மன் முல்லர் உருவாக்கிய கலப்பு ரகம் அது. சமவெளியில் விளைந்தால் சப்பென்று இருக்கும் என்று பெயர் கெட்டுப்போனது. செம்ப்ராவில் 500, 600, 700 மீட்டரில் அதுவே மணக்க மணக்க வருகிறது. சாதா ஒயினில் மணம்தான் பேச வேண்டும், அதனால் பழம் முழுதாக முதிரும்வரை காத்திருந்து பறிப்பார்கள். ஒரே சரிவில் நுரைக்கான பழம் முன்பே இறங்கிவிடும், சாதா ஒயினுக்கானது கொடியிலேயே இருக்கும். எந்தப் பாத்தியை எந்த நாளில் பறிப்பது என்ற முடிவில்தான் ஒயின் செய்பவரின் கெட்டிக்காரத்தனம் பாதிக்கு மேல் இருக்கிறது. வெறும் உயரம் எதையும் தந்துவிடாது. 700 மீட்டரில் வடக்குப் பார்த்த நிழல் சரிவு வாங்கினால் பழமே தேறாது. 'மலை ஒயின்' என்று லேபிளில் அச்சடித்து விலையை ஏற்றுகிறவர்கள் எங்கும் உண்டு. பாட்டிலின் மேல் உயரத்தைப் போட்டிருக்கிறார்களே என்று மட்டும் யாரும் வாங்கிவிடக் கூடாது.

செம்ப்ராவை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். படிப்படியாக ஏறும் குறுகிய பாத்திகள். ஒவ்வொன்றையும் தாங்கி நிற்பது சாந்து வைக்காமல் அடுக்கிய கல்சுவர். அப்படிப்பட்ட சுவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஓடுகின்றன. சாந்து இல்லாததால் மழைநீர் கல்லிடுக்கில் கசிந்து போய்விடும், மண் தங்கும். பெருமழையில் ஓர் இடம் சரிந்தால் அதே கற்களைப் பொறுக்கித் திரும்ப அடுக்குகிறார்கள். டிராக்டர் ஏறாத பாத்திகளே அதிகம், எல்லாம் கைவேலை. கொடிகளை ஏற்றியிருப்பது உங்கள் ஊர்ப் பந்தலின் உறவுக்காரன் போன்ற ஒன்றில், 'பெர்கோலா' என்பார்கள். மரக்கால்களிலிருந்து கைகள் மேல்நோக்கிச் சாய்ந்து நீளும். இலைகள் மேலே கூரையாகும், கொத்துகள் நிழலில் தொங்கும். நவீனத் தோட்டக்கலை பேசுபவர்கள் அதைப் பழைய பாணி என்று ஒதுக்கியதுண்டு. இப்போது கோடை கடுமையாகிவிட்டதால், பழம் வெந்துபோகாமல் காக்கும் அந்த நிழலை மறுபடி மதிக்கிறார்கள். எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சியான செய்தி.

இனி ஃபெராரி. அவர் 1879-இல் பிறந்தார். அப்போது ட்ரென்டோ ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. 1874-இல் சான் மிக்கேலில் தொடங்கிய வேளாண் பள்ளியில் படித்தார், பிறகு பிரான்சின் மான்ட்பெலியேயில் படித்தார், நுரைக்கும் ஒயினுக்குப் பேர்போன ஷாம்பெய்ன் பகுதியின் எபெர்னேயில் வேலை கற்றார். செய்முறை பிரான்சுடையது என்கிறீர்கள். ஆமாம், அதை அவரும் மறைக்கவில்லை. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கணக்கு அவருடையது. ஷாம்பெய்ன் 49 டிகிரியில் இருக்கிறது, தாழ்ந்த குன்றுகள், குளிர் தானாகவே கிடைக்கிறது. ட்ரென்டோ மூன்று டிகிரி தெற்கே. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். தெற்கே வந்ததால் போன குளிரை மேலே ஏறி மீட்டுக்கொள்ளலாம். ஷாம்பெய்னுக்கும் தன் ஊருக்கும் உள்ள ஒற்றுமையை அவர்தான் முதலில் கண்டார். இத்தாலியில் ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சைக் கொடியைப் பெரிய அளவில் நட்ட முதல் ஆள் என்றும் அவரையே சொல்கிறார்கள். 1902-இல் தொடங்கினார். ஆண்டுக்குச் சில ஆயிரம் பாட்டில் மட்டும் செய்தார், எண்ணிக்கையைக் கூட்ட ஆசைப்படவில்லை. நீங்கள் சொல்லும் நகல் எடுப்பவர் இப்படியா நடந்துகொள்வார்? பேர் எடுத்த சரக்கு கையில் இருக்கும்போது பெருக்கி விற்பதுதானே வழக்கம்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1952-இல் ட்ரென்டோ நகரில் ஒயின் கடை வைத்திருந்த ப்ரூனோ லுனெல்லியிடம் தொழிலை ஒப்படைத்தார். விற்றுவிட்டு வீட்டில் உட்காரவில்லை. 1965-இல் இறக்கும்வரை அதே பாதாள அறைகளுக்கு வந்து வேலை பார்த்தார். ப்ரூனோவின் மகன்களில் மௌரோ ஒயின் படித்தவர். 1972-ஆம் ஆண்டு ஷார்டனேயில் ஒரு பகுதியை, நெடுங்காலம் தாங்குமா பார்ப்போம் என்று சகோதரர்களுக்குச் சொல்லாமலே தனியாக எடுத்து வைத்தார். 1980-இல்தான் அது விற்பனைக்கு வந்தது, நிறுவனரின் பெயரோடு. மாசோ பியானிஸா என்ற மலைத்தோட்டத்துப் பழம் அது, 500 மீட்டருக்கு மேலே. ஆண்டுக்கணக்கில் வண்டலோடு கிடந்து தாங்கிய புளிப்பு. உங்கள் முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் அந்தப் பாட்டிலில் பதில் இருக்கிறது. 1993-இல் ட்ரென்டோவுக்குத் தனி டிஓசி, அதாவது எந்தப் பகுதியில் எந்த விதிப்படி செய்த ஒயின் என்பதற்கான இத்தாலியச் சான்று, கிடைத்தபோது, பாட்டிலுக்குள்ளேயே நொதிக்கும் நுரை ஒயினுக்கென்று மட்டும் இத்தாலியில் வழங்கப்பட்ட முதல் டிஓசி அதுதான்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபெராரி போட்ட கணக்கு இன்று நகர்ந்துகொண்டிருக்கிறது. கோடை கூடக் கூட, நுரைக்கான பழத்தை ஆகஸ்ட்டிலேயே பறிக்க வேண்டியிருக்கிறது. தாழ்ந்த தோட்டங்களில் சர்க்கரை ஓடுகிற வேகத்துக்கு அமிலம் கரைந்துவிடுகிறது. புதிய நடவு மேலே மேலே போகிறது. ட்ரென்டோ டிஓசி தோட்டங்கள் 200 மீட்டரில் தொடங்கி 800 மீட்டர் வரை ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு மேலே காடு இருக்கிறது, மண் ஆழம் குறைவு, ஏப்ரல் உறைபனி மொட்டைக் கருக்கும். காட்டை அழித்துத் தோட்டம் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பெர்கோலாவின் நிழல், சரிவின் திசை, பறிக்கும் நாள் என்று இருக்கிற தோட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியது இன்னும் நிறைய இருக்கிறது, முதலில் அதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும். உங்கள் பந்தலில் நிழலை எப்படிக் கூட்டிக் குறைக்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்.