ஒரே பாடல், பல வயது

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிறுதோறும் கவிதை வகுப்பு நடத்துகிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர், வீட்டில் ஒடியா பேசும் சிறுவன் என எல்லோரும் வருகிறார்கள். சிறுவர் பாட்டு நடத்தினால் பெரியவர்களுக்குச் சலிப்பு. சங்கப் பாடல் என்றால் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. வகுப்பை வயதுவாரியாகப் பிரித்துவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

பிரிக்க வேண்டாம். யார் எவ்வளவு நேரம் அமர வேண்டும், யார் என்ன எழுத வேண்டும் என்பதையெல்லாம் வயதுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். பாடல் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். எளிய பாடலைத் தேடுவதைவிட, சில அடிகளுக்குள் கண்முன்னே ஏதேனும் ஒன்று நடக்கிற பாடலைத் தேடுவதே நல்லது. குறுந்தொகையில் அத்தகையவை நிறைய உண்டு. கூடலூர் கிழாரின் 167ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம்.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

முதலில் பொருள் சொல்லாதீர்கள். சீர் சீராக, அதாவது அடியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டாக, கைதட்டி நிதானமாக மூன்று முறை படியுங்கள். முதல் நான்கு அடிகளிலும் நான்கு தட்டு விழும். கணவன் உண்ணும் ஐந்தாம் அடியில் மூன்றே விழும். கடைசி அடியில் மறுபடியும் நான்கு. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பா என்னும் பாவகையின் இலக்கணம் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு தட்டுக் குறைவதைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எழுத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். ஒடியா பேசும் சிறுவனும் பாட்டியும் மற்றவர்களோடு சரிசமமாக வகுப்புக்குள் வருவது இங்கேதான்.

அதன்பின் நடப்பதை மட்டும் சொல்லுங்கள்: தயிர் பிசைந்த விரலைத் துடைத்த உடையைத் துவைக்காமலே உடுத்திக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் பட, ஒரு பெண் தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான், அவள் முகம் மெல்ல மலர்கிறது. ஏன் துவைக்கவில்லை என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடாதீர்கள், பாடலுக்குள் போகும் வழியே அதுதான். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு உடை மாற்றப் போக முடியுமா என்பதை வேலைக்குப் போகும் பெண்கள் சொல்வார்கள். அடுத்து, இதையெல்லாம் பார்த்து யார் யாரிடம் சொல்கிறார் என்று கேளுங்கள். மகளின் புகுந்த வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், அதாவது வளர்த்த தாய், பெற்றவளிடம் சொல்கிறாள் என்ற இடத்துக்குப் பெரும்பாலும் பாட்டிதான் முதலில் வந்து சேர்வார். மகள் நன்றாக இருக்கிறாள் என்ற சொல் பாடலில் எங்குமே இல்லை. தாய் அறிய விரும்பியது அது ஒன்றுதான் என்பதைப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவருக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இளம்பெண் ஒருத்தி, குழம்பைப் பாராட்டியதற்கா இவ்வளவு மகிழ்ச்சி என்று கோபப்படலாம். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி அவளை அடக்கிவிடாதீர்கள். அந்த முகத்தில் மகிழ்ச்சியைக் கண்டது யாருடைய கண், அவளே பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு வகுப்பில் ஒத்த விடை வராமல் போனாலும் குறையில்லை.

உங்கள் வகுப்பில் கூடுதல் கவனம் தேவைப்படுபவர், பள்ளியில் நன்றாகப் படித்துத் தேறியவரே. முல்லைத் திணை, செவிலி கூற்று என்று அவர் முதல் நிமிடத்திலேயே விடை சொல்லிவிட்டால் மற்றவர்கள் பாடலைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். அவருடைய அறிவு வகுப்புக்கு வேண்டும். ஆனால் இறுதியில் வேண்டும். திணை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பை அப்போது அவரிடமே கொடுங்கள்.

மனப்பாடம் கட்டாயம் வையுங்கள், மதிப்பெண் வைக்காதீர்கள். இந்தப் பாடல் எல்லோர் வாயிலும் ஏறிய பிறகு கபிலரின் ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்ற 25ஆம் பாடலுக்குப் போகலாம். தினைத்தாள் போன்ற காலோடு ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகு என்னும் நீர்ப்பறவையைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்; அந்தக் குருகைத் தவிரச் சாட்சி இல்லாத பெண்ணின் அச்சத்தைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பேசி முடிக்க முடியாது. ஒரு பாடலுக்கு இரண்டு வாரமாவது கொடுங்கள்.