பல்ஸ் டிவிடி இருக்கும்போது ப்ளூ-ரே எதற்கு?

கேள்வி: பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃப்ளாய்டின் ‘பல்ஸ்’ கச்சேரிப் படம் 2006இல் வந்த டிவிடியாக என்னிடம் இருக்கிறது. இப்போது 55 அங்குல டிவி வாங்கியிருக்கிறேன், அதில் படம் மங்கலாகத் தெரிகிறது. 2022இல் வந்த ப்ளூ-ரேயை வாங்கினால் தெளிவாகிவிடுமா? விலை கையைக் கடிக்கிறது.

பதில்: கொஞ்சம் தெளிவாகும். நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு ஆகாது. குறை டிஸ்க்கில் இல்லை, 1994இல் வைத்த கேமராவில் இருக்கிறது.

‘த டிவிஷன் பெல்’ ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின்போது, 1994 அக்டோபர் 20 அன்று லண்டன் எர்ல்ஸ் கோர்ட் அரங்கில் டேவிட் மாலட் இயக்கத்தில் இந்தக் கச்சேரியைப் பதிவு செய்தார்கள். பதிவானது ஃபிலிமில் அல்ல, அன்றைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தரத்து வீடியோவில். அதில் படத்துக்கு 576 கோடுகள்தான், ப்ளூ-ரேக்கு 1080. மிச்சக் கோடுகளைக் கணினி ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். உங்கள் டிவியும் டிவிடிக்கு அதே வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறது. ஸ்டூடியோவில் நிதானமாகச் செய்வதால் நன்றாக வரும், நிறங்களும் சீராகியிருக்கும், டிவிடியில் இருட்டான இடங்களில் தெரியும் கட்டம் கட்டமான பிசிறும் குறையும். ஆனால் மேடை இருட்டாகி லேசர் மட்டும் பாயும் காட்சிகளில் கிதார் கம்பிகளை எண்ணிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒலி வேறு விஷயம். டிவிடியில் இருப்பது சுருக்கிய டால்பி ஒலி. ப்ளூ-ரேயில் இடம் தாராளம் என்பதால் ஒலியைச் சுருக்காமலே வைக்கலாம். வீட்டில் 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) இருந்தால் வாங்குங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பதாக இருந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படத் தெளிவுதான் முக்கியம் என்றால் அதே இசைக்குழுவின் ‘டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்’ ப்ளூ-ரேயைப் பாருங்கள். ஆறு வருடம் முந்தையது, 1988 ஆகஸ்டில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வெய்ன் ஐஷம் எடுத்தது. ஆனால் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்கள்! 1989இல் விஎச்எஸ் கேசட்டாக வந்தபோது அந்த அருமை யாருக்கும் தெரியவில்லை. மூல நெகடிவைத் திரும்ப ஸ்கேன் செய்து, புதிதாக எடிட் செய்து, முதலில் 2019இல் ‘த லேட்டர் இயர்ஸ்’ என்ற பெட்டித் தொகுப்பிலும் 2020இல் தனியாகவும் வெளியிட்டார்கள். பழைய படம்தான் புதிய படத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 2019க்கு முந்தைய டிவிடி என்று யாராவது இதை விற்றால், அது பெரும்பாலும் கேசட்டிலிருந்து எடுத்த திருட்டு நகல்.

அதற்காக ‘பல்ஸ்’ மட்டம் என்று சொல்ல மாட்டேன். ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பம் முழுவதையும் வரிசை மாறாமல் வாசிப்பது அதில்தான். ‘கம்ஃபர்டப்லி நம்’ பாடல் முடிகிற நேரத்தில் அந்தப் பிரம்மாண்டக் கண்ணாடி உருண்டை இதழ் இதழாக விரிவதும் அதில்தான். கச்சேரியாக எனக்குப் பிடித்தது ‘பல்ஸ்’. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே!

கேள்வி: இந்த இரண்டிலும் ரோஜர் வாட்டர்ஸ் உண்டா?

பதில்: கிடையாது. இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர் 1985இலேயே விலகிவிட்டார். இரண்டிலும் கில்மர், மேசன், ரைட் மூவரும்தான், கூடவே பக்க இசைக்கலைஞர்கள். வாட்டர்ஸ் வேண்டுமென்றால் 1971இல் இத்தாலியின் பாம்பேயி இடிபாடுகளில் ரசிகர்களே இல்லாமல் எடுத்த படம் இருக்கிறது. அதுவும் 35 எம்எம். 2025இல் புதுப்பித்து ப்ளூ-ரேயாக விட்டார்கள்.

கேள்வி: பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம், அட்டையில் சிவப்பு விளக்கு மின்னும் ‘பல்ஸ்’ இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அது பெரும்பாலும் படம் அல்ல, 1995இல் வந்த ஒலி சிடி. 2022இல் வந்த படப் பதிப்பிலும் விளக்கு உண்டு, எது என்று அட்டையைப் படித்துப் பாருங்கள். படத்தில் இல்லாத ‘அஸ்ட்ரானமி டொமினி’ பாடல் அந்த சிடியில் உண்டு, ரசிகருக்கு அது ஒன்றே போதும். விளக்கு பேட்டரியில் ஓடுவது. பழைய பேட்டரி கசிந்து உள்ளே அரித்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின்னாளில் விளக்கே இல்லாத பதிப்பும் வந்தது, அதற்கு விளக்கு வைத்த பதிப்பின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு டிஸ்க் நம் பிளேயரில் ஓடுமா?

பதில்: எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்குகளை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் டிவிடியில் மண்டலம் 5, ப்ளூ-ரேயில் சி. சிங்கப்பூர், மலேசியா ப்ளூ-ரேயில் ஏ. இசை டிஸ்க்குகள் பல எல்லா மண்டலத்திலும் ஓடும்படி வருகின்றன, ஆனால் எல்லாமே அப்படி இல்லை. பின் அட்டையில் ஒரு சின்ன அடையாளத்துக்குள் மண்டல எண்ணோ எழுத்தோ இருக்கும். காசு அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், டிவிடி பிளேயரில் ப்ளூ-ரே ஓடவே ஓடாது. பிளேயரும் வாங்க வேண்டுமென்றால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.