அட்டையில் ஒரு வி.ஆர். ஹெட்செட்

கேள்வி: மெய்நிகர் காட்சிகளைக் காண உதவும் வி.ஆர். ஹெட்செட்டைக் குறைந்த செலவில் வீட்டிலேயே செய்ய இயலுமா?

பதில்: தாராளமாக இயலும். 2014இல் கூகுள் வெளியிட்ட ‘கார்ட்போர்டு’ என்ற அட்டை ஹெட்செட் வடிவமைப்பைப் பின்பற்றினால், கெட்டியான நெளி அட்டை, 45 மி.மீ. குவியத்தூரமும் 25 மி.மீ. விட்டமும் கொண்ட இரண்டு குவிவில்லைகள், ஒட்டும் நாடா, ஸ்மார்ட்போன் ஆகியவையே போதும். திரையில் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்கள் அருகருகே தோன்ற, மூளை அவற்றை ஒன்றாக இணைத்து ஆழத்தை உணர்கிறது. வில்லைகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவு, உங்கள் கண்மணிகளின் இடைவெளிக்கு (பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ.) ஒத்திருக்க வேண்டும், இதில் தவறினால் கண்வலியும் தலைவலியும் வரலாம் என்பதால், பொறுமையாக அளந்து வெட்டுங்கள். போனில் ஜைரோஸ்கோப் (போன் திரும்புவதை உணரும் கருவி) உள்ளதா என முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையெனில், தலையைத் திருப்பும்போது காட்சி சீராகத் திரும்பாது.