மனை வாங்கிக் கட்டுவதா, கட்டிய வீட்டை வாங்குவதா?

கேள்வி: திருச்சியில் இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று 1,200 சதுர அடி காலி மனை. அப்ரூவல் இல்லை, ஆனால் விற்பவர் 2014-லேயே பத்திரம் செய்திருக்கிறார். வாங்கி நம் இஷ்டப்படி கட்டலாம் என்கிறார் கணவர். இன்னொன்று கட்டிய வீடு. ஒரு பெரியவர் தன் சம்பளத்தில் 1994-ல் வாங்கியது. அவரும் மனைவியும் இப்போது இல்லை, உயிலும் இல்லை. இரண்டு மகன்கள் விற்கிறார்கள். ஒரு மகள் உண்டு, 1987-லேயே கல்யாணமாகிப் போனதால் அவருக்குப் பங்கில்லையாம். எனக்கு இந்த வீடுதான் பிடித்திருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் கொடுக்காதீர்கள்.

முதலில் வீடு. அந்த மகளுக்குப் பங்கு இல்லை என்பது தவறு. 1989-ல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த திருத்தம், 25.3.1989-க்கு முன் திருமணமான பெண்களை விலக்கியது உண்மைதான், ஆனால் அது பூர்வீகச் சொத்துக்கு. 2005 மத்திய சட்டத்துக்குப் பிறகு அங்கேயும் அந்தப் பேச்சு செல்லாது. இது அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து. உயில் இல்லாமல் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு என்ன பங்கோ அதேதான் மகளுக்கும். எப்போது கல்யாணமானது, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. அம்மாவும் இல்லாததால் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால், முழு விலை கொடுத்துவிட்டு மூன்றில் இரண்டு பங்கைத்தான் நீங்கள் வாங்கியிருப்பீர்கள், நாளைக்கு அந்த மகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் நீங்களும் ஒரு பிரதிவாதி.

“வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது” என்று புரோக்கர் சொல்வார். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும், ஒருவர் இறந்ததால் பிள்ளைகளுக்கு வந்த உரிமை அதில் தெரியாது. அதனால் பெற்றோர் இருவருக்கும் தாசில்தார் தந்த வாரிசுச் சான்றைக் கேளுங்கள். கிரயப் பத்திரத்தில் மகளும் விற்பவராகக் கையெழுத்துப் போட்டு, அவர் பங்குத் தொகை அவர் கணக்குக்கே போகட்டும். பங்கு வேண்டாம் என்றால் சகோதரர்களுக்கு அவர் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரட்டும். இருபது ரூபாய் பத்திரத்தாளில் எழுதிய சம்மதக் கடிதத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது எதற்கும் உதவாது.

மனைக்கு வருவோம். 20.10.2016-க்கு முன் பதிவான மனை என்பதால் வரன்முறைக்கு, அதாவது அப்ரூவல் இல்லாத மனையைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்வதற்கு, வழி உண்டு. ஆனால் வரன்முறை ஆணை கைக்கு வராமல் பிளான் அப்ரூவலும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது, அப்புறம் எங்கே இஷ்டப்படி கட்டுவது? விற்பவரே கட்டணம் கட்டி ஆணை வாங்கித் தரட்டும். கட்டுவதில் ஒரு லாபம் இருக்கிறது: முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம் மனைக்கு மட்டும்தான், கட்டிய வீட்டில் கட்டடத்தின் மதிப்பும் சேரும். ஆனால் மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ, பேஸ்மட்டம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பணம், கம்பியும் சிமென்ட்டும் என்ன பிராண்டு என்று எழுதிக் கையெழுத்தாகாமல் பணம் கொடுக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், மகள் கையெழுத்துப் போட வருகிறார் என்றால் உங்களுக்குப் பிடித்த வீட்டையே வாங்குங்கள். எதை முடித்தாலும் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். வீடு என்றால் அதற்கு முன் அந்த மகளிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், அண்ணன் தம்பி சொல்லும் சமாதானத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.