மின்னூட்டம் தரும் பொருளை வைத்து எலும்பை வளர்க்கலாமா?

மோட்டார் சைக்கிளில் விழுந்த அண்ணாவின் கால் எலும்பில் ஒரு துண்டே இல்லாமல் போய்விட்டது, "கரண்ட் தரும் பொருள்" வைத்து வளர்க்கலாமா என்று யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

எலும்பே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும். 1957இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுகாடாவும் யசுதாவும் அதைக் காட்டினார்கள். குசினியில் காஸ் அடுப்பு லைற்றரை அமத்த 'டிக்' என்று பொறி பறக்கிறதல்லவா? உள்ளே ஒரு சிறு துண்டு அடிபட்டு மின்னூட்டம் தருகிறது. எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரத நாரும் அப்படித்தான், மிக மிகச் சிறிய அளவில். நடக்கும்போது அழுத்தம் விழும் பக்கம் எதிர்மின்னாகும். புது எலும்பு படிவதும் அந்தப் பக்கம்தான்.

இடைவெளி பெரிதென்றால் எலும்பு தானாக ஒன்றுசேராது. அங்கே பேரியம் டைட்டனேட் என்ற, அழுத்த மின்னூட்டம் தரும் பீங்கான் வகைப் பொருள் கலந்த, துளைகள் நிறைந்த சட்டம் ஒன்றை வைத்துப் பார்க்கிறார்கள். அழுத்தம் பட மின்னூட்டம் வரும். உயிரணுச் சவ்வின் கல்சியம் வாயில்கள் திறக்கும். எலும்பாக்கும் உயிரணுக்கள் வேலையைத் தொடங்கும். இதேபோல மின்னூட்டம் தரும் பிஎல்எல்ஏ என்ற பிளாஸ்டிக்கோ உடம்பிலேயே மெல்லக் கரைந்துவிடும், எடுக்க இன்னொரு ஒப்பரேஷன் வேண்டாம். எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுதான்.

ஆனால் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுகூடத்திலும் விலங்குகளிலும்தான். இப்போதைக்கு, இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் ஒட்டுவது பற்றி டொக்டரிடம் கேளுங்கள். அண்ணா சிகரெட் பிடிப்பவரென்றால் இன்றைக்கே நிப்பாட்டச் சொல்லுங்கள். சிகரெட் எலும்பு ஒன்றுசேர்வதைப் பிந்தவைக்கும்.