இரண்டு ஆம்ப்ளிஃபயரிலும் டிஸ்டார்ஷன் (சிக்னல் திரிபடையும் அளவு) 0.01 சதவீதம்தான். பிறகு ஏன் ஒன்று மட்டும் கேட்க நன்றாக இருக்கிறது?

இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துத்தான் கேட்டீர்களா? அரை டெசிபல் கூடினால் சத்தம் கூடியதாகத் தோன்றாது, "தெளிவாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். வால்யூம் குமிழைப் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது. 400 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டின் வோல்டேஜும் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி வையுங்கள். அப்புறம் எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றிமாற்றிப் போடட்டும். பாதி வித்தியாசங்கள் இங்கேயே காணாமல் போய்விடும். எனக்கும் போயிருக்கின்றன, கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் வித்தியாசம் கேட்டால், காதைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த 0.01 சதவீதம் என்ற ஒற்றை எண் போதவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் காரணம் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலேயே இருக்கும் மின்தடை. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர், அதிர்வெண்ணைப் பொறுத்து 4 ஓமுக்கு இறங்கும், 30 ஓமுக்கும் ஏறும். சில வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர்களில் இருப்பதுபோல அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓம் என்றால், அந்த ஏற்ற இறக்கம் ஒலியில் ஏறக்குறைய 3 டெசிபலாக வெளிப்படும். யாருக்கும் கேட்கும். 0.05 ஓம் என்றால் 0.1 டெசிபல்தான்.

இன்னொன்று, டிஸ்டார்ஷனை எத்தனை வாட்டில் அளந்தார்கள் என்று பாருங்கள். கிளாஸ் ஏபி சர்க்யூட்டில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் கவனிக்கும். பயாஸ் (சிக்னல் இல்லாதபோதும் அவற்றில் ஓடும் சிறு மின்னோட்டம்) சரியில்லை என்றால், கைமாறும் இடத்தில் வரும் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் முழு பவரில் மறைந்துகொள்ளும், மெல்லிய சத்தத்தில்தான் கரகரப்பாகத் தலைகாட்டும். 1 வாட்டிலும் அதற்குக் கீழேயும் அளந்தால் அதுவும் மீட்டரில் சிக்கிவிடும்.