பேப்பர்ல படக்கதை வரையணுமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

மதுரையில ஒரு நாளிதழுக்கு பதினெட்டு வருசம் தினமும் மூணு கட்டம் படக்கதையும், ஞாயித்துக்கிழமை இணைப்புக்கு சிறுகதைப் படமும் வரைஞ்சேன். நீங்க கேட்டதுக்கெல்லாம் வரிசையா எழுதுறேன்.

அண்ணே, தினமும் எப்படிண்ணே ஐடியா வரும்? வரலைன்னா? (திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி)

வரும்னு காத்திருக்கக் கூடாது தம்பி, சேத்து வைக்கணும். எப்பவும் பத்து நாளைக்கு உள்ளத முன்கூட்டியே முடிச்சு வச்சிருப்பேன், சித்திரைத் திருவிழான்னா பதினஞ்சு நாளைக்கு, அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்கு யாருக்கு டேபிள்ல உக்கார மனசு வரும். வெள்ளன அஞ்சு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு சின்ன நோட்டோட போய் நின்னுக்குவேன். தராசுத் தட்டுல மல்லியைக் கொட்டிட்டு முள்ளு நேரா நின்னதும் ரெண்டு விரலால கொஞ்சூண்டு கிள்ளி எடுக்கும் பாரு ஒரு கை, அந்தக் கையை மட்டும் நாப்பது தடவை வரைஞ்சிருப்பேன், பின்னால அதுவே என் கதையில ஒரு அப்பத்தாவா வந்துச்சு. அமெரிக்காவுல பீனட்ஸ்ங்கிற படக்கதையை வரைஞ்ச சார்லஸ் சுல்ஸ் 1950ல ஆரம்பிச்சு அம்பது வருசம், கிட்டத்தட்ட 18,000 ஸ்ட்ரிப் (ஒரு நாளைக்கு வர்ற கட்டங்கதான் ஒரு ஸ்ட்ரிப்), ஒரு உதவி ஆளு இல்லாம அத்தனையும் அவரே வரைஞ்சாரு. கடைசி ஸ்ட்ரிப் பேப்பர்ல வந்தது 2000 பிப்ரவரி 13, அதுக்கு முந்தின நாள் ராத்திரி இறந்துட்டாரு. அதை நினைச்சா இன்னும் தொண்டை அடைக்குது.

தமிழ்ல வசனம் எழுதுனா அதைச் சுத்திப் போடுற வட்டம், அந்தப் பலூனே கட்டத்தை முழுங்கிருதே சார்?

எல்லாரும் ஆளை வரைஞ்சுட்டு மிச்ச இடத்துல எழுத்தைத் திணிக்கிறாங்க. முதல்ல எழுத்து, அதைச் சுத்தி பலூன், அப்புறந்தான் ஆளு. நம்ம சொல்லு ஒட்டி ஒட்டி நீளும், "போயிட்டிருந்தப்பத்தான்" ஒரே சொல்லு, அதை ஒடிக்கவும் முடியாது. மேல இகர வளைவு, கீழ உகரச் சுழி, அதனால வரிக்கு வரி இடைவெளியும் கூட வேணும். ஒரு பலூனுக்கு எட்டு சொல்லுக்கு மேல போனா நான் வசனத்தைத்தான் வெட்டுவேன், எழுத்தைச் சின்னதாக்க மாட்டேன், டீக்கடையில கண்ணாடி இல்லாம படிக்கிற பெரியவருக்கும் தெரியணும்ல.

ஐபேட் வாங்கணுமா?

இப்ப வேணாம். ஐவரி போர்டுங்கிற வழவழப்பான அட்டை, நிப்பு, இந்தியன் இங்க்குங்கிற கருப்பு மை, அது போதும். அச்சுல வர்றத விட ரெண்டு மடங்கு பெருசா வரை, ஆனா ரொம்ப மெல்லிசா இழுக்காத, சுருக்கும்போது அந்தக் கோடு காணாமப் போயிரும், நியூஸ்பிரிண்ட்ல, அதான் பேப்பர் அச்சடிக்கிற தாள்ல, மையும் ஊறும். ஸ்கேன் 600 டிபிஐக்கு (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) குறைய வேணாம். எழுத்து முழுக்க தனிக் கருப்புல மட்டும் இருக்கட்டும், நாலு கலரும் கலந்த கருப்புன்னா அச்சு கொஞ்சம் நகர்ந்தாலே எழுத்துக்கு நிழல் விழுந்த மாதிரி ரெட்டையாத் தெரியும்.

இதுக்குப் படிப்பு இருக்கா?

சென்னை கவின்கலைக் கல்லூரி 1850ல ஆரம்பிச்சது, கும்பகோணத்துலயும் அரசு கல்லூரி இருக்கு, ஆனந்த விகடன்ல வரைஞ்ச ஓவியர் கோபுலு சார் கும்பகோணத்துல படிச்சவருதான்.

நம்ம ஊருக்கும் படக்கதைக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லாமலா! தினத்தந்தி 1942ல ஆரம்பிச்சதே மதுரையிலதான், கன்னித்தீவு அதுல 1960ல இருந்து வருது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுனதே அந்தச் சிந்துபாத்தைப் பாத்துத்தான்.

என் படத்தையெல்லாம் பத்திரிகைக்காரங்க புக்கா போடப் போறாங்களாம், நான் ஒண்ணும் கேக்க முடியாதா அண்ணே? (வில்லாபுரம் தங்கச்சி)

கண்டிப்பா கேளும்மா. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, நீ சம்பளத்துக்கு வேலை பாத்து பத்திரிகைக்காக வரைஞ்சிருந்தா, வேற ஒப்பந்தம் இல்லாதவரைக்கும் பத்திரிகையில போடுற உரிமைதான் அவங்களுக்கு, மத்ததெல்லாம் உனக்கு. வெளியில இருந்து வரைஞ்சு குடுத்திருந்தா, நீ எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் உரிமை கைமாறும், அதுல எத்தனை வருசம்னு எழுதலைன்னா அஞ்சு வருசம்தான் கணக்கு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன ஒரு வக்கீல்கிட்ட காட்டிரு.

ஒரிஜினலையும் விட்றாத. எங்க ஆபீஸ் இடம் மாறுனப்ப என் அட்டைக் கட்டுகளை பழைய பேப்பரோட எடைக்குப் போட்டுட்டாங்க. மூணு நாள் கடை கடையா அலைஞ்சேன், ஒரே ஒரு அட்டை கிடைச்சது, அப்பத்தா மூக்கை வெள்ளை மை வச்சுத் திருத்துன அட்டை, ஓரத்துல டீக்கறை. அன்னிக்கு நடுக்கடையில அழுதுட்டேன். அதனால ஸ்கேனை மட்டும் அனுப்பு, அட்டைக்குப் பின்னால பென்சில்ல தேதியும் உன் பேரும் எழுதி, நடுவுல பட்டர் பேப்பர் வச்சு தகரப் பெட்டியில போடு, மழைக்காலத்துல மாசம் ஒருக்கா எடுத்துப் பாரு, கரையான் ஏறிரும்.